நாள்பட்ட இடுப்பு வலி: எந்த மருந்து வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பூக்கடை அக்கா (பினாங்கு):

வணக்கம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். "இதைச் சாப்பிடுங்கள், வலி ஓடிப்போகும்" என்ற பதில் வேண்டாம். அது கடையிலேயே தினமும் கிடைக்கிறது. பூ வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் காசோடு ஒரு வைத்தியத்தையும் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பூ கட்டுகிற வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான். தரையில் சாக்கு விரித்துச் சம்மணம் போட்டுக் கட்டிய காலம் போய், இப்போது முதுகுக்கு அணை வைத்த நாற்காலி. இடது இடுப்பில் ஆரம்பிக்கிற வலி பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இழுக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். கீழ் முதுகில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை உரசுகிறதாம். அறுவை செய்கிற அளவுக்கு இல்லை என்றார்கள். பிசியோவில் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். வலி மாத்திரையும் உண்டு. ஆனால் எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, வயிறும் தாங்கவில்லை. அதனால் மாத்திரையை ரொம்ப முடியாத நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

மற்ற நாட்களுக்கு என் கைவைத்தியம்தான்.

முதலில் நொச்சித் தைலம். என் அக்கா புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறார், வீட்டுக்குப் பின்னால் நொச்சி நிற்கிறது. போகும்போதெல்லாம் ஒரு பை நிறைய ஒடித்துக்கொண்டு வருவேன். (அதே குடும்பத்து இலையான லெமுனியில் எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) நாசி லெமுனி ஆக்குவார். சோறு கறுத்துப்போய் இருக்கும், வாசம் அள்ளும். காற்றுப் பிடிப்புக்கு நல்லது என்று எனக்கும் ஒரு பொட்டலம் வரும்.) இலையை உருவி, தண்ணீர் அதிகம் விடாமல் இடித்து, சாறு பிழிந்து நல்லெண்ணெயில் ஊற்றிச் சிறு தீயில் வைக்க வேண்டும். முதலில் சடசடவென்று பொரியும், நுரைத்து மேலே வரும், பச்சை வாடை வீடு முழுக்க நிற்கும். சத்தம் அடங்க ஆரம்பித்ததும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. அடியில் தங்குகிற வண்டலைக் கரண்டியில் எடுத்து விரலால் உருட்டினால் மெழுகுப் பதத்தில் திரள வேண்டும். ஒரு துணித் திரியை அதில் நனைத்துக் கொளுத்தினால் படபடக்காமல் எரிய வேண்டும். படபடத்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, அந்தத் தைலம் நம் ஊர் ஈரக் காற்றில் சீக்கிரமே கெட்டுப்போகும். மாமியார் சொல்லிக்கொடுத்த முறை. இறக்கிய பிறகு கற்பூரம் கொஞ்சம் பொடித்துப் போட்டு மூடி வைப்பேன்.

அப்புறம் ஒத்தடம். கல்லுப்பு, ஓமம், வதக்கிய நொச்சி இலை மூன்றையும் பழைய வேட்டித் துணியில் முடிந்து தோசைக்கல்லில் சூடு காட்டி வைப்பது. வாரத்தில் ஓரிரு நாள் முடக்கத்தான் தோசை. மாடியில் தொட்டி வைத்துக் கம்பியில் படர விட்டிருக்கிறேன். காய் மூன்று பட்டையாகக் காற்றடைத்த பை மாதிரி இருக்கும், பிய்த்தால் உள்ளே கறுப்பு விதை, ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு சின்ன இதயம் வரைந்திருக்கும். பேத்திக்கு அதை எண்ணுவதுதான் விளையாட்டு. எப்போதாவது பிரண்டைத் துவையல். கையில் எண்ணெய் தடவாமல் நறுக்கினால் அரிப்பு பிடுங்கிவிடும், தெரியும்தானே. ராத்திரியில் ஒரு கஷாயம்: சுக்கு, மிளகு, சித்தரத்தை, அதிமதுரம், கொத்தமல்லி விதை. நாட்டு மருந்துக் கடையில் கலந்தே கட்டிக் கொடுப்பார்கள்.

உருவி விடவும் ஆள் வைத்துப் பார்த்தேன். ஒரு அம்மா நிதானமாகச் செய்வார், சுகமாக இருக்கும். இன்னொருவர் முதுகில் முழங்காலை வைத்து அழுத்தி "நரம்பை எடுத்துவிட்டேன்" என்றார். அந்த வாரம் முழுக்கக் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. அவர் பேர் வேண்டாம்.

இப்போது சந்தேகத்துக்கு வருகிறேன். இத்தனையில் எது வேலை செய்கிறது?

வலி தானாகவே ஏறுகிறது, தானாகவே இறங்குகிறது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ராத்திரி பகல் பார்க்காமல் மாலை கட்டுவோம். 2017-இல் தங்க ரதம் வந்ததிலிருந்து வேலை இன்னும் கூடிப்போனது. வெள்ளி ரதமும் தங்க ரதமும் தண்ணீர்மலைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் முதுகை நிமிர்த்த முடியும். அதன் பிறகு பாத்ரூம் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். அப்போதுதான் கையில் இருக்கிற எல்லா வைத்தியத்தையும் இறக்குவேன். கொஞ்ச நாளில் குறையும். குறைந்ததும், கடைசியாக எதைச் செய்தேனோ அதற்குப் பேர் போய்விடுகிறது. ஒரு வருஷம் கஷாயம் பேர் வாங்கியது, இன்னொரு வருஷம் ஒத்தடம். ஒன்றுமே செய்யாமல் படுத்திருந்தாலும் அதே நாளில்தான் குறைந்திருக்குமோ என்று பூ கட்டிக்கொண்டே யோசிப்பேன். யோசிக்கத்தான் நேரம் நிறைய இருக்கிறதே, கைக்கு மட்டும்தானே வேலை.

இது முழுசாகப் போகாது என்று தெரியும். அதோடு சண்டை இல்லை. ஆனால் இந்த மருந்துக் கடையை நடத்தவே தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, காசும் கரைகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? நீண்ட நாள் வலியோடு இருக்கிறவர்கள் இதை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

மூலிகைச்செல்வன்:

அக்கா, வாதநாராயணன் இலையை விளக்கெண்ணெயில் வதக்கிச் சாப்பிடுங்கள். நன்றாகப் பேதியாகி வாயு முழுக்க வெளியேறிவிடும். வலி இருந்த இடமே தெரியாது. என் நண்பரின் மாமனார் இப்போது பத்துமலைப் படியே ஏறுகிறார்.

பூக்கடை அக்கா (பினாங்கு):

தம்பி, முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை படித்துவிடுங்கள். மாமனாருக்கு என் வணக்கம்.

செந்தூல்காரி:

அக்கா, "கடைசியாகச் செய்ததற்குப் பேர் போய்விடுகிறது" என்ற வரியைப் படித்துவிட்டு எல்.ஆர்.டி. ரயிலில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பு முழுக்க வலி, தூங்கி எழுந்தாலும் தூங்காத களைப்பு. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எதிலும் ஒன்றும் தெரியாது. அதனால் வீட்டில் ரொம்ப நாள் "வேலைக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள்" என்றுதான் பேச்சு. உங்களுக்காவது காட்டுவதற்கு ஒரு தட்டு பிதுங்கியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை.

வலி கிளினிக்கில் எனக்கு விளக்கியது இது. 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குப் பிறகு காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றாகப் போவதில்லை. கோயில் மணியை அடித்து நிறுத்திய பிறகும் ரீங்காரம் நிற்கிறதே, அப்படி முதுகுத்தண்டும் மூளையும் பழைய செய்தியையே உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். தூக்கம் கெட்டாலோ மனசு சரியில்லை என்றாலோ இன்னும் சத்தமாகக் கேட்கும். அதனால்தான் எம்.ஆர்.ஐ. படம் மாறாமலேயே உங்களுக்கு வலி ஏறி இறங்குகிறது.

சரி, எதை விடுவது என்ற கேள்விக்கு என் வழி:

மோசமான வாரத்தில் எதையும் சோதிக்காதீர்கள். அந்த வாரத்தில் எதைச் செய்தாலும் அது ஜெயிக்கும், ஏனென்றால் உச்சிக்குப் போனது இறங்கித்தான் ஆக வேண்டும். சாதாரண வாரத்தில் ஆரம்பியுங்கள். ஒரே ஒரு பொருளை மட்டும் நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். குறைந்தது இரண்டு மூன்று வாரம் பாருங்கள். அப்புறம் அதையே திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எடுத்தபோதும் சேர்த்தபோதும் வித்தியாசமே இல்லை என்றால் அதற்கு விடை கொடுத்துவிடலாம். பெரிய விசேஷம் வருகிற மாதம் வேண்டாம்.

நோட்டில் "இன்று வலி பத்துக்கு ஏழு" என்று எழுதாதீர்கள். நான் அப்படி எழுதிப் பார்த்தேன், காலையிலிருந்து ராத்திரி வரை வலியையே முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பதிலாக என்ன செய்ய முடிந்தது என்று எழுதுங்கள். எவ்வளவு நேரம் எழாமல் உட்கார முடிந்தது, கடைத்தெரு வரை நடக்க முடிந்ததா, ராத்திரி எத்தனை தடவை விழித்தீர்கள். இது பொய் சொல்லாது.

ஆனால் என் வாழ்க்கையை நிஜமாகவே மாற்றியது மூலிகையும் இல்லை, மாத்திரையும் இல்லை. கடிகாரம். வலி வந்த பிறகு எழுந்திருப்பதை விட்டுவிட்டு, வருவதற்கு முன்பே எழுந்திருப்பது. வலி கிளினிக் பிசியோ இதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். நல்ல நாளில் நாம் என்ன செய்வோம்? "அப்பாடா, இன்று பரவாயில்லை" என்று துணி துவைத்து, வீடு கூட்டி, சன்னல் துடைத்து, மறுநாள் படுக்கையில். அடுத்த நல்ல நாளில் மறுபடியும் அதே. எத்தனை நிமிடத்தில் வலி தொடங்கும் என்று ஒரு வாரம் கவனித்து, அதைவிடக் குறைவாக ஒரு நேரம் வைத்துக்கொண்டு, நல்ல நாளோ கெட்ட நாளோ அதே நேரத்தில் எழுந்து ஒரு சுற்று நடக்க வேண்டும். நான் 20 நிமிடத்தில் ஆரம்பித்தேன். நீங்கள் ஒரு மாலையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். பாதி மாலையில் எழுந்திருங்கள்.

செலாயாங் மருத்துவமனையில் 2002-இல் ஆரம்பித்த "மெனாங்" பயிற்சி இந்த வழியில்தான் நடப்பது. வலி நிபுணர், பிசியோ, மனநல நிபுணர் எல்லாரும் சேர்ந்து ஒரு குழுவுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பினாங்கிலிருந்து தூரம்தான், இருந்தாலும் உங்கள் டாக்டரிடம் வலி கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

மூலிகையில் நான் எடுத்தது அமுக்கராப் பொடி மட்டும், ராத்திரி பாலில். தூக்கம் நன்றாக வந்தது, உண்மை. ஆனால் எனக்குத் தைராய்டு மாத்திரையும் உண்டு. இரண்டும் ஒத்துப்போகாது என்று டாக்டர் நிறுத்தச் சொன்னார். தைலம் தேய்ப்பதால் உள்ளே இருக்கிற தட்டு நகரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, மன்னிக்கவும். தேய்க்கிற கை நல்ல கையாக இருந்தால் அதுவே போதும் என்பது என் கட்சி.

ஓய்வுபெற்ற டிரெஸர் (பட்டர்வொர்த்):

தங்கச்சிக்கு வணக்கம். கெடாவில் ரப்பர் தோட்டங்களில் டிரெஸராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக இருந்தவன் நான். பால்வெட்டுச் சனங்கள் காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர்கள். முதுகுவலி இல்லாத ஆளை லயத்தில் தேடத்தான் வேண்டும். தோட்டத்து மருந்தகத்தில் என்னிடம் இருந்தது ஒரு பூச்சு மருந்தும் வெள்ளை மாத்திரையும். அவர்களிடம் நொச்சியும் வேப்பெண்ணெயும் இருந்தன. எது அதிகம் குணப்படுத்தியது என்று என்னைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பேன்.

உங்கள் தைலத்தைப் பற்றியோ தோசையைப் பற்றியோ எனக்குக் கவலை இல்லை. முடக்கத்தான் தோசை சாப்பிட்டுக் கெட்டவர் யாரும் என் கண்ணில் படவில்லை. கவலை வேறு இரண்டு விஷயத்தில்.

ஒன்று, காலையே மரத்துப்போக வைக்கிற வலி. என்றைக்காவது திடீரென்று சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, உட்காருகிற இடமும் தொடை இடுக்கும் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபட்டாலோ, தைலம், ஒத்தடம், விடியட்டும் பார்க்கலாம், எதுவும் கூடாது. அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். மணிக்கணக்கில் தள்ளிப்போட்டால் போன உணர்வும் பலமும் திரும்பி வராமலே போகலாம். இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

இரண்டு, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற "மூட்டுவலி" கேப்சூல். என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வாங்கினார். மூன்றாம் நாளே வலி போய்விட்டது, மாடிப்படி ஏறினார், பசி அள்ளியது. "அண்ணே, மூலிகைன்னா மூலிகை" என்றார். இரண்டு மாதத்தில் முகம் வட்டமாக வீங்கி, சர்க்கரை எகிறி, லேசாக இடித்தாலே தோலில் ரத்தம் கட்டியது. எனக்குப் பார்த்ததும் சந்தேகம். மூலிகை இவ்வளவு வேகமாக வேலை செய்யாது. உள்ளே டெக்ஸாமெத்தசோன் கலந்திருந்தது. ஸ்டீராய்டு. நம் சுகாதார அமைச்சு வருஷா வருஷம் இதைப் பற்றி எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. இதில் மோசமானது என்னவென்றால், தெரிந்ததும் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரவர உடம்பு தன் சொந்தச் சுரப்பியைத் தூங்கப் போட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போக வேண்டும், அவர்கள் படிப்படியாகக் குறைப்பார்கள்.

பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்குகிற பதிவு எண் இருக்கிறதா, பாரம்பரிய மருந்து என்றால் கடைசியில் டி (T) என்ற எழுத்து இருக்கிறதா, ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டால் அந்தப் பெயர்தான் வருகிறதா என்று தெரியும். போலி எண் அச்சடிக்கிறவர்களும் உண்டு, அதனால் இந்தக் கடைசி வேலையைச் சோம்பல்படாமல் செய்ய வேண்டும்.

உருவி விடுவது பிடித்திருக்கிறது என்றால் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையைக் கேளுங்கள். 2007-இல் நாட்டிலேயே முதன்முதலாக அரசாங்க மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கியது அங்கேதான். நாள்பட்ட வலிக்கு உருவுதலும் அக்குபங்சரும் செய்வார்கள். டாக்டர் கடிதம் வேண்டும். அங்கே முழங்காலால் ஏறி மிதிக்க மாட்டார்கள்.

பிறை லாரி:

யாரும் சொல்லத் தயங்குவதை நான் சொல்கிறேன். 12 டன் லாரி ஓட்டுகிறவன், எனக்கும் இடுப்புத்தான். கெத்தும் இலையைக் கொதிக்க வைத்த தண்ணீர் ஒரு கிளாஸ் போட்டால் ஜொகூர் வரைக்கும் வலி தெரியாது. அதுவும் மூலிகைதானே? கம்பத்தில் (கிராமத்தில்) தாத்தா காலத்திலிருந்து குடிக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற டிரெஸர் (பட்டர்வொர்த்):

தம்பி, வலி தெரியாது என்பது உண்மை. மறுக்கவில்லை. அதில் இருக்கிற மித்ராஜினின், மார்ஃபின் போய் உட்காருகிற அதே இடத்தில்தான் உட்காருகிறது. அதனால்தான் நச்சுப் பொருள் சட்டத்தில் அதைச் சேர்த்திருக்கிறார்கள், பிடிபட்டால் வழக்கு. சட்டத்தை விடுங்கள். ஒரு நாள் குடிக்காமல் இருந்து பாருங்கள். மூக்கு ஒழுகும், தூக்கம் வராது, கை கால் எல்லாம் குடையும். அந்தக் குடைச்சலை இடுப்புவலி என்று நினைத்து இன்னொரு கிளாஸ் ஊற்றுவீர்கள். நிறுத்த வேண்டும் என்றால் தனியாக முயற்சி செய்யாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். திட்ட மாட்டார்கள்.

பிறை லாரி:

மூக்கு ஒழுகுவது எப்படித் தெரியும் அண்ணே... சரி, பார்க்கிறேன்.

மாத்திரை எண்ணுபவள்:

நான் மருந்தாளுநர். எல்லாரும் தைலத்தையே பேசுகிறீர்கள், என் கண் கஷாயத்தில் நின்றுவிட்டது.

அக்கா, உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், கஷாயத்தில் தினமும் அதிமதுரம் போகிறது. அதிமதுரத்தில் இருக்கிற கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். தொண்டை கட்டியதற்கு ஓரிரு நாள் சப்புவது வேறு, ராத்திரி ராத்திரி குடிப்பது வேறு. அழுத்தம் ஏறலாம், கால் வீங்கலாம், தசை சோர்ந்துபோகலாம். நீங்கள் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். சீனக் கடை மூலிகைத் தண்ணீரிலும் இது அடிக்கடி இருக்கும். அதிமதுரத்தை எடுத்துவிட்டுக் கட்டித் தரச் சொல்லுங்கள். அடுத்த தடவை கிளினிக் போகும்போது இத்தனை மாதம் குடித்தேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எங்களிடம் வருகிறவர்கள் மாத்திரைப் பட்டியல் சொல்வார்கள், கஷாயத்தைச் சொல்ல மாட்டார்கள், அது சாப்பாட்டுக் கணக்கு என்று நினைத்து.

இன்னொன்று. கடையில் விற்கிற காந்தல் பூச்சு எதையாவது தடவிய இடத்தில் உடனே சூடு ஒத்தடம் வைக்காதீர்கள். தோல் வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கற்பூரத் தைலத்துக்கும் அதேதான். ஒத்தடம் முதலில், துடைத்துவிட்டு, தோல் ஆறிய பிறகு தைலம். சர்க்கரையால் கால் மரத்தவர்கள் இதைப் படித்துவிட்டுத் தோசைக்கல் பக்கம் போக வேண்டாம், சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் கேப்சூலைக் கேட்காமல் தொடாதீர்கள். குழம்பு மஞ்சள் அளவுக்குப் பயம் இல்லை.

பூக்கடை அக்கா (பினாங்கு):

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல் செய்து பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்று இருந்துவிட்டேன். நடுவில் ஆடி வெள்ளிகள் வேறு.

அதிமதுரத்தை மறுநாளே நிறுத்தினேன். கிளினிக்கில் சொன்னதும் பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுத்தார்கள், கொஞ்சம் குறைவுதான் என்றார்கள். இப்போது அழுத்தம் இறங்கியிருக்கிறது. ஆனால் அதே நாளில் டாக்டர் மாத்திரையையும் மாற்றிவிட்டார். ஆக இந்தப் பேர் மாத்திரைக்கா, அதிமதுரத்தை விட்டதற்கா? மறுபடியும் அதே கதை. மாத்திரை எண்ணுகிற தங்கச்சிதான் சொல்ல வேண்டும்.

பிறகு கஷாயம் முழுவதையும் நிறுத்திப் பார்த்தேன். நோட்டில் ஒரு மாற்றமும் இல்லை. திரும்பக் குடித்தேன், அப்போதும் இல்லை. நின்றுவிட்டது. மிச்சம் இருந்த சுக்கு காப்பிக்குப் போகிறது. பிரண்டை எப்போதும் போலத் துவையல், அதை இனி மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒத்தடத்தை நிறுத்தியபோது காலையில் எழுந்திருக்கிற விறைப்பு கூடியது, சேர்த்தபோது குறைந்தது. அது இருக்கட்டும்.

தைலம்தான் குழப்பம். நிறுத்தினாலும் உட்காருகிற நேரம் அதேதான், நடக்கிற தூரம் அதேதான். செந்தூல் பிள்ளை சொன்னது சரி என்று நோட்டு சொல்கிறது. ஆனால் தைலம் தேய்க்கிற அரைமணி நேரத்தில்தான் என் மகள் போனைக் கீழே வைக்கிறாள். காலைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, கணுக்காலிலிருந்து மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே, ஃபேக்டரியில் சூப்பர்வைசர் என்ன சொன்னான், எந்த லைனை மூடப்போகிறார்கள் என்று எல்லாம் கொட்டுவாள். தேய்க்காத மூன்று வாரத்தில் அவள் வேலையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ராத்திரி விழிப்பும் அந்த வாரங்களில் ஓரளவு கூடத்தான் இருந்தது. அதனால் தைலத்தை வைத்துக்கொண்டேன். இதற்கு நோட்டில் கட்டம் இல்லை, நானாக ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன்.

கடிகாரம்! பந்தயத்தில் ஜெயித்தீர்கள், பாதி மாலையில் எழுந்திருப்பது எனக்கு உயிர் போகிற காரியமாக இருந்தது. முடிச்சுப் போட்ட இடத்தை விட்டால் நூல் தளர்ந்துவிடும், பூ சரியும். இப்போது ஒரு துணி கிளிப்பைப் போட்டுப் பிடிக்க வைத்துவிட்டு எழுகிறேன். போன் அலாரம் அடிக்கும், வாடிக்கையாளர் "எடுங்க, முக்கியமான காலா இருக்கப் போகுது" என்பார்கள். கோயில் வாசல் வரை போய்த் திரும்பி வருவேன். முதலில் "அக்காவுக்குக் கால் நிற்காது" என்று கேலி செய்த பக்கத்து மசாலாக் கடைப் பையன் இப்போது அலாரம் அடித்ததும் அவனே வந்து கடையைப் பார்த்துக்கொள்கிறான், அவனுக்கும் அது டீ நேரம் ஆகிவிட்டது. ஒரு நாளில் கட்டுகிற மாலை குறையும் என்றுதான் பயந்தேன். குறையவில்லை. முன்பெல்லாம் மதியத்துக்கு மேல் கை ஓடாது, இப்போது சாயங்காலம் வரை ஓடுகிறது. வலி அங்கேயேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி அழுவது மட்டும் நின்றிருக்கிறது.

டிரெஸர் அண்ணன் சொன்ன கெப்பாளா பத்தாஸுக்குக் கடிதம் வாங்கிவிட்டேன், தேதிக்குக் காத்திருக்கிறேன். போய்வந்து எழுதுகிறேன். சிறுநீர் விஷயத்தையும் வீட்டில் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய் எமர்ஜென்சி எண்ணைப் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

பிறை தம்பி, எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

முடக்கத்தான் விதை கேட்டு இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தீர்கள். பேத்தி எண்ணி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், கடைக்கு வந்தால் தருகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு நிமிர்ந்து பார்க்க முடியாது. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து விதையுங்கள், படர ஒரு கம்பி கட்டிவிடுங்கள். முற்றின இலையைத் தோசைக்கு அரைத்தால் கசக்கும், கொழுந்தாகப் பறியுங்கள்.

செந்தூல்காரி:

எனக்கும் ஒரு பிடி விதை எடுத்து வையுங்கள் அக்கா. அடுத்த மாதம் பட்டர்வொர்த் வரை ஈ.டி.எஸ். ரயிலில் வருகிறேன், அங்கிருந்து ஃபெர்ரி பிடித்து வந்துவிடுவேன். ரயிலில் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நடந்துகொண்டே வருகிற பெண்ணைப் பார்த்தால் அது நான்தான்.